வீட்டுப் பேரின் முதல் எழுத்து

என் கடையில் வேலை செய்த அந்தம்மாவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மறந்துபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பெயர், இன்ஷியல், எந்த இடத்தில் ‘ள’ எந்த இடத்தில் ‘ல’ என்பது வரை எனக்கு அத்துப்படி. ஆனால் நான் ஒன்று எழுதி, அச்சில் ஓர் எழுத்து பிசகி வந்துவிட்டால், அவர் எங்கே இருந்தாலும் பஸ் பிடித்து வந்து சண்டை போடுவார். அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை.

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில், பூக்கடைகள் முடிகிற இடத்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. முன்னால் ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன். பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு வைத்து ‘வெப் டிசைன்’. கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, லாட்ஜ், பள்ளிக்கூடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வலைத்தளம் செய்து கொடுத்தோம். செய்தோம் என்று பன்மையில் சொல்வது என் பழக்கதோஷம். செய்தது அவர். நான் போன் எடுத்தேன், டீ சொன்னேன், முதலாளி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தறி வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். முப்பது வயது தாண்டியிருக்கும். வேலை கேட்டு வந்த அன்று நான் ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டினேன். நானே அடித்து வைத்திருந்த படிவம், எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. பூர்த்தி செய்து திருப்பிக் கொடுத்தார். அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லை. ‘தந்தை / கணவர் பெயர்’ என்று நான் அச்சடித்திருந்த கோட்டுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டு, ‘தாயார் பெயர்’ என்று எழுதி, அதையும் நிரப்பியிருந்தார்.

“ஃபாரத்துல அது இல்லியேம்மா?” என்றேன்.

“இப்ப இருக்குதுங்க” என்றார்.

அவரை நான் அன்றே அனுப்பியிருக்க வேண்டும் என்று என் மனைவி பிற்பாடு பல முறை சொன்னாள். ஆனால் நான் கொடுக்கிற சம்பளத்துக்கு அப்படி வேலை தெரிந்த ஆள் அரக்கோணத்தில்கூடக் கிடைக்காது. தவிர, அந்தக் கோடு என்னுடைய கோட்டைவிட நேராக இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியாக இருக்கும். வெயிலில் நடந்து வருகிறவர்கள் நிழல் கண்ட இடத்தில் உட்காருவார்கள். என் கடைக்குள்ளும் வந்து உட்காருவார்கள். அதனால் ஒரு போர்டு அடித்து மாட்டினேன்: ‘வேலை உள்ளவர்கள் மட்டும் உள்ளே வரவும்.’ மறுநாள் கடைக்கு வந்தால் பிரிண்டர் பக்கத்தில் ஒரு குடும்பம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. மயிலிறகு வைத்த காவடி என் நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. போர்டைப் பார்த்தேன். அதன் கீழே அதே எழுத்து, அதே நிறம், அதே அளவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: ‘வெயிலில் வந்தவர்களுக்கு உட்காருவதும் வேலைதான்.’

“ஏம்மா, என் போர்டை எதுக்கு மாத்தினே?”

“உங்க போர்டு அப்டியே கீதே சார். ஒரு எழுத்துகூட நான் தொடலியே.”

அவரிடம் இருந்த குணம் இதுதான். எதையும் கிழிக்க மாட்டார், அழிக்க மாட்டார். ஆனால் எதையும் அது இருக்கிறபடியே ஒப்புக்கொள்ளவும் மாட்டார். செய்த வேலையும் அதற்கென்றே அமைந்ததுபோல் அமைந்துவிட்டது.

டெம்ப்ளேட் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்திரிகைக் கடையில் பிள்ளையாரும் ஓரப்பூவும் முன்னாலேயே அச்சடித்து, நடுவில் மட்டும் காலியாக விட்ட கல்யாண அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அதுபோல ஒன்று. வலைத்தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக ஒரு தாய்க் கோப்பு இருக்கும். அதில் அங்கங்கே ‘பிளாக்’ என்று பெயர் வைத்த கட்டங்கள் இருக்கும். நம் கோப்பின் முதல் வரியில், இது அந்தத் தாய்க் கோப்பின் நீட்சி என்று எழுதிவிட்டு, நமக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். அந்தக் கட்டத்தில் நாம் சொன்னது வரும். மற்ற இடமெல்லாம் தாய் சொன்னபடியே வரும். தாய்க் கோப்பில் கை வைக்கவே வேண்டியதில்லை. இதைத்தான் ஓவர்ரைடு என்பார்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு. கட்டத்துக்குள் ‘பேரண்ட்’ என்று ஒரு சொல்லைப் போட்டால், தாய் சொன்னதும் வரும், அதன் கீழே நாம் சொன்னதும் வரும். அந்தச் சொல்மீது அவருக்குத் தனிப் பிரியம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ்காரருக்கு வலைத்தளம் செய்தோம். ‘தனியாக வரும் பெண்களுக்கு அறை கிடையாது’ என்று முதல் பக்கத்திலேயே வர வேண்டும் என்றார். “அவரு எடம், அவரு சட்டம். போட்டுடு” என்றேன். போட்டார். இரண்டு நாள் கழித்து லாட்ஜ்காரர் மூச்சிரைக்கப் போன் செய்தார். அவர் கேட்ட வரி இருந்தது. அதன் கீழே, ‘தனியாக வரும் ஆண்களுக்கும் கிடையாது’ என்று இருந்தது. இரண்டு நாளாக ஒருவரும் அறை கேட்கவில்லையாம்.

“அவரு சொன்னத எடுக்கலிங்க சார். மேலயே வெச்சிகினு, கீழ ஒண்ணு சேத்தேன், அவ்ளோதான்.”

“எடும்மா!”

“எடுத்தா ரெண்டும்தான் போவும். கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டேன். லாட்ஜ்காரர் என்னைத் திட்டிவிட்டு இரண்டையும் எடுக்கச் சொன்னார். நான் அன்று அந்தம்மாமேல் காட்டிய கோபம் பொய். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கொஞ்சம் பயமும் இருந்தது. இந்தம்மா ஒரு நாள் நம்மை எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்திவிடும் என்று தோன்றியது.

நான் செய்த ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனி பள்ளிக்கூடங்களுக்கென்று மென்பொருள் விற்றது. எங்கள் வட்டாரப் பள்ளிகளில் அதை அமைத்துப் பார்த்துக்கொள்வது எங்கள் ஒப்பந்தம். கடை தலைநிமிர்ந்து நின்றதே அந்த ஒப்பந்தத்தால்தான். அவர் லீவில் இருந்த ஒரு நாள், அடையாள அட்டையில் பள்ளி முத்திரையை இடம் மாற்ற வேண்டியிருந்தது. நான் தாய்க் கோப்பை முழுசாகக் காப்பி அடித்து, எங்கள் பக்கம் வைத்து, முத்திரையை நகர்த்தினேன். வேலை முடிந்தது. அடுத்த மாதம் கம்பெனி தாய்க் கோப்பில் ரத்தப் பிரிவு என்று ஒரு வரி சேர்த்தது. எல்லாப் பள்ளிக்கும் அந்த வரி வந்தது, எங்களுக்கு மட்டும் வரவில்லை. பள்ளி முழுக்க லேமினேஷன் போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

“முழுசா காப்பி அடிச்சி வெச்சிகினா அது ஓவர்ரைடு இல்லிங்க சார், தனிக்குடித்தனம். அப்புறம் அம்மா வீட்ல இன்னா கொழம்புன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?”

கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் சொன்னதில் தப்பில்லை.

இனி அந்த இன்ஷியல் விவகாரம்.

சென்னையில் உட்கார்ந்து அந்த மென்பொருளை எழுதியவருக்கு இன்ஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து. அதில் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. பிள்ளை பெயரையும் அப்பா பெயரையும் கொடுத்தால் போதும், இன்ஷியலை அதுவே போட்டுக்கொள்ளும். ஆனால் எங்கள் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் கதை வேறு. அவர்களுக்கு ‘இண்டி பேரு’ என்று வீட்டுப் பேர் ஒன்று உண்டு, இன்ஷியல் அதிலிருந்துதான் வரும். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பேத்திக்கும் ஒரே எழுத்து. பிறப்புச் சான்றிதழிலும் அதுதான் இருக்கும்.

முந்தைய வருடம் ஒரு பள்ளி கிளார்க் இதற்குக் குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார். அப்பா பெயர்க் கட்டத்தில் வீட்டுப் பேரையே அடித்துவிட்டார். இன்ஷியல் சரியாக வந்தது. ஆனால் ஒரே தெருவில் பதினோரு பிள்ளைகளுக்கு ஒரே அப்பா ஆகிவிட்டார். அதைப் பார்த்து அந்தம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பத்தாம் வகுப்புப் பட்டியலின் மாதிரிப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்க்க ஆரம்பித்தார். பொதுத்தேர்வுக்கு அனுப்புகிற பட்டியல் அது. அதில் என்ன பெயர் போகிறதோ அதுதான் மதிப்பெண் பட்டியலில் வரும். அப்புறம் திருத்துவது என்றால் மனு, அலைச்சல், மறுபடி மனு.

“இந்தப் பொண்ணு எங்களுக்குப் பக்கத்து ஊரு சார். இவ இன்ஷியல் ‘கோ’. இங்க ‘மு’ன்னு வந்துகினு கீது.”

அன்று சாயங்காலத்துக்குள் ஏழு வரியில் ஒரு கோப்பு எழுதினார். இன்ஷியல் வருகிற கட்டத்தை மட்டும் ஓவர்ரைடு செய்தார். யாரும் பயன்படுத்தாத ‘குறிப்பு’ என்ற இடத்தில் வீட்டுப் பேரைப் பதிய வைத்தார். வீட்டுப் பேர் இருந்தால் அதன் முதல் எழுத்து, இல்லாவிட்டால் தாய்க் கோப்பு சொல்கிறபடியே. பள்ளிக்கும் வீடுகளுக்கும் போய்ப் பிறப்புச் சான்றிதழ்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் ஒழுங்காக வந்தது.

பட்டியல் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். மேலாளர் ஒருவர், குரலில் சின்ன வயசு.

“மேடம், எங்க டெம்ப்ளேட்ல கை வெச்சிருக்கீங்களா?”

“வெக்கலிங்க. உங்க கோப்பு அப்டியே கீது. இன்ஷியல்னு ஒரு பிளாக் நீங்களே உட்டு வெச்சிருக்கீங்க. அதுக்குள்ள எழுதினேன்.”

“அது எங்க டெவலப்பர்ஸுக்காக வெச்சது.”

“நானும் டெவலப்பர்தாங்க.”

 மேலாளர் அவரை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். எல்லாப் பள்ளிக்கும் ஒரே வடிவம் என்று சொல்லித்தான் விற்கிறார்களாம். உள்ளூர்க் கோப்பு இருந்து, நாளைக்கு ஏதாவது தவறானால் பழி அவர்களுக்காம். காலைக்குள் எடுக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் அந்தம்மா பக்கம் திரும்பினேன். “ஒரு எழுத்துதானேம்மா. விட்டுடேன்.”

அதுவரை அவர் தன்னைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே.

“ஆங், ஒரு எழுத்துதாங்க. எனக்குப் பொறந்த சர்ட்டிபிகேட்ல வீட்டுப் பேரு எழுத்து. பத்தாவுது மார்க் ஷீட்ல நைனா பேரு எழுத்து. கிளாஸ்ல டீச்சர் உங்கப்பா பேரு இன்னான்னு கேட்டாங்க, சொன்னேன், எழுதிகினாங்க. எனக்கு இன்னா தெரியும்? அப்புறம் கெவர்மெண்ட் வேலைக்குப் பரீட்ச எழுதி பாஸ் பண்ணேன் சார். சர்ட்டிபிகேட் பாக்கற ஆபீசரு, இது ரெண்டும் வேற வேற ஆளுன்னாரு. ரெண்டு பேரும் நான்தாங்கன்னு சொன்னேன். ரெண்டு பேரு எப்டிம்மா ஒருத்தியாவாங்கன்னு கேட்டு சிரிச்சாரு. பின்னாடி லைன்ல நின்னுகினு இருந்தவங்களும் சிரிச்சாங்க. அந்த வேல போச்சு.”

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்தை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியுமா என்று அப்போது நினைத்தேன். மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்பே வந்து, அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவைத்தேன். பெயர் மாறினால் இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது, நேரே தாய்க் கோப்பிடம் போய்விடும். பட்டியலையும் பிரிண்ட் எடுத்து வைத்தேன்.

அவர் வந்தார். பிரிண்டைக் கையில் எடுத்தார். வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார், தப்பு இன்ஷியலோடு. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்தி, என்னைப் பார்த்து, “இப்டி ஒரு பொண்ணு எங்க ஊர்ல இல்லிங்க” என்றார். “இப்டி ஒரு பையன் இல்லிங்க.” முதல் பக்கம் முடிகிறவரை விடவில்லை. ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு உட்கார்ந்தார். “சார், நீங்க எடுத்தீங்க. இப்ப நான் திருப்பி வெக்கிறேன். திருட்டுத்தனமா வெக்கல, உங்க எதிர்லயே வெக்கிறேன். வேணாம்னா இப்பயே சொல்லுங்க.”

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். கையில் டீ கிளாஸ். அவர் கோப்பின் பெயரைப் பழையபடி மாற்றியதைப் பார்த்தேன். பட்டியலைப் புதிதாக எடுத்ததைப் பார்த்தேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கவரில் போட்டு எடுத்துக்கொண்டு பதினோரு மணி பஸ்ஸுக்கு ஓடினார். மத்தியானமே பட்டியல் பள்ளியிலிருந்து மேலே போய்விட்டது.

அடுத்த வாரம் கம்பெனி ஒரு கடிதத்தை அனுப்பியது. எல்லாம் அவர்களே அடித்து வைத்திருந்தார்கள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மேலே எனக்கு: ‘மேற்படி மாற்றம் எனக்குத் தெரியாமலும், என் அனுமதி இன்றியும், என் ஊழியரால் செய்யப்பட்டது.’ கீழே அவருக்கு: ‘இனி இவ்வாறு செய்ய மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.’

நான் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. போட்டுவிட்டு அவரிடம் நீட்டினேன்.

என் பகுதியை இரண்டு முறை படித்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். கடை வாடகை, கம்பெனி, என் பெண்டு பிள்ளைகள் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் சண்டை போடவில்லை.  திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஸ்கேலை எடுத்து, தன் உறுதிமொழிக்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதினார்:

‘மேலே உள்ளது சார் சொன்னது. அதை நான் தொடவில்லை. மாற்றம் செய்தது நான். பெயர்கள் சரி. இனியும் இப்படித்தான் செய்வேன்.’

அதன் கீழே கையெழுத்துப் போட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வரி போதும். சார் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதை அவரே ஸ்கேன் செய்து அவரே அனுப்பினார். டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அந்தக் கோப்பு அங்கயேதான் கீது சார். எடுக்கறதுன்னா நீங்களே எடுங்க. என் கையால எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கோப்பை நான் எடுக்கவில்லை. கம்பெனிக்கும் அந்தம்மா போனதே போதுமாக இருந்தது, பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒப்பந்தம் நீடித்தது. கடையும் நடந்தது. அவர் இப்போது பெங்களூரில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், சித்தூரில் சொந்தமாகத் தொழில் செய்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு எது உண்மை என்று தெரியாது. விசாரிக்கிற தைரியமும் வரவில்லை.

மறு வருடம் மதிப்பெண் பட்டியல்கள் வந்த சமயம், ஒரு நெசவாளி தன் மகளோடு கடைக்கு வந்தார். கையில் ஒரு சுவீட் பெட்டி. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸுக்கு நீட்டினார். பார்த்தேன். இன்ஷியல் ‘கோ’.

“அந்தம்மா இல்லீங்களா? எங்க வூட்டாண்ட வந்து சர்ட்டிபிகேட் எல்லாம் வாங்கிப் பாத்துகினு போனாங்களே. பாப்பாவுக்கு பேரு கரெக்டா வந்துகீது. அவங்க கையில குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

“அவங்க இப்ப இங்க இல்லிங்க” என்று சொல்லிவிட்டு, பட்டியலை ஜெராக்ஸ் கண்ணாடிமேல் வைத்து மூடினேன்.

“இன்னாத்துக்குங்க வேலய உட்டுட்டாங்க?”

கல்யாணம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வாய்க்கு வரவில்லை.

“நான்தாங்க காரணம்” என்றேன். “இந்தப் பேரை மாத்தினதுக்குக் கம்பெனி கேள்வி கேட்டாங்க. எனக்குத் தெரியாமச் செஞ்சிட்டாங்கன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். எனக்குத் தெரியும். கூடவே இருந்தேன்.”

 நெசவாளி மகளைப் பார்த்தார். அந்தப் பெண் மேஜையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜெராக்ஸ் மூடியைத் தானே தூக்கி, பட்டியலை எடுத்து உறைக்குள் வைத்தாள்.

“நைனா, பக்கத்துக் கடையில எடுத்துக்கலாம் வா.”

போகும்போது சுவீட் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள்.